டைல்ஸுக்கு அடியில் நடந்த நீர்: ஒரு ஷவர் கசிவின் ஆய்வு

கீழ் அறையின் உட்கூரையில், மின்விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அகலத்தில் பழுப்பு நிறக் கறை ஒன்று தென்பட்டதுதான் தொடக்கம். மேலே குளியலறை இருக்கிறது என்றாலும், கறைக்கு நேர் மேலே ஷவர் இல்லை. அதிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் தள்ளி, வாஷ்பேசினுக்கு முன்னால் உள்ள வெறுந்தரைதான் இருந்தது. அதனால் முதல் இரண்டு வாரங்கள் வாஷ்பேசின் குழாய்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் செய்த உருப்படியான காரியங்கள் இரண்டே இரண்டு. கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து அருகில் தேதியை எழுதினேன். அந்த விளக்குக்குச் செல்லும் மின்சுற்றை அணைத்து வைத்தேன். தளத்துக்குள் புகுந்த நீர், கான்கிரீட்டில் புதைந்திருக்கும் மின்கம்பிக் குழாய் வழியாக ஓடி விளக்கின் பெட்டியில் இறங்குவது அபூர்வமன்று. பின்னால் பார்த்தபோது இங்கேயும் அதுதான் நடந்திருந்தது: ஓட்டை ஓரிடம், குழாய் வழியே நடந்து வெளிப்பட்ட இடம் வேறு.

ஷவர் பகுதி 0.9 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் நீளமும் கொண்டது. கட்டி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு பக்கம் சுவர். மற்ற இரு பக்கம் 8 செ.மீ. உயரத்தில் தடுப்புத் திட்டு, அதன்மேல் அலுமினியச் சட்டத்தில் பொருந்திய கண்ணாடி. தரையில் 30 செ.மீ. சதுர டைல்ஸ் பன்னிரண்டு. அவற்றில் நான்கின் மூலைகள் கூடும் இடத்தில் வடிகால் ட்ராப், அதாவது தரை நீரைக் கழிவுக்குழாய்க்கு இறக்கும் அமைப்பு. ஒரு கல்கூடப் பெயரவில்லை, ஆடவில்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும், கற்களின் இடுக்கை நிரப்பும் கிரவுட் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. கற்களின் இடுக்குகளில் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வடிகால் பக்கம் குனிந்தால் ஈரச்சாக்கின் வாடை வரும். சோப்பு அழுக்கு என்று அதை நாங்கள் பல மாதங்களாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளைப் பூப்பையும் அந்த வாடையையும் அப்போதே சரியாகப் படித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து, இடுக்கு வழியாக மேலே வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே அந்தப் பூப்பு. கல்லுக்கு அடியில் உள்ள கலவை அடிக்கடி நனைந்து உலர்கிறது, அல்லது உலராமலே கிடக்கிறது என்பதற்கு அது சாட்சி. வாடையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் பழுதுபார்ப்பு, அது தந்த பொய் நிம்மதி

வாஷ்பேசின் குற்றமற்றது என்று தெரிந்ததும், கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பின்மேல் பழியைப் போட்டேன். மூலையிலும் தரை இடுக்குகளிலும் இருந்த பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பினேன். மூலைகளிலும், கண்ணாடிச் சட்டத்தின் உள்விளிம்பு நெடுகிலும் சிலிகான் அடைப்புப் பசை இழுத்தேன். எல்லாம் இறுகட்டும் என்று பத்து நாட்கள் யாரும் அந்த ஷவரைப் பயன்படுத்தவில்லை. உட்கூரைக் கறை வெளிறத் தொடங்கியது. மூன்றாவது வாரம் முடிவதற்குள் அது பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஷவரில் எந்தப் பழுதைப் பார்த்தாலும் அது இறுகும்வரை யாரும் குளிக்கப்போவதில்லை. குளிக்காத நாட்களில் எந்தக் கசிவும் குறையத்தான் செய்யும். ஆகவே தவறான பழுதுபார்ப்புக்கும் தொடக்கத்தில் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. கறை வெளிறியதற்குக் காரணம் என் கிரவுட் அன்று, எங்கள் பத்து நாள் விரதம்.

மேலும், சாதாரண சிமெண்ட் கிரவுட் நீரைத் தடுக்கும் பொருளே அன்று. அதற்கும் நுண்துளைகள் உண்டு; டைல்ஸ் ஒட்டும் கலவைக்கும் உண்டு. தினமும் நனையும் தரையில் கல்லுக்கு அடியில் ஓரளவு நீர் இறங்குவது இயல்பு. அந்த நீரைத் தடுத்து நிறுத்துவது கலவைக்கும் கீழே பூசப்படும் நீர்க்காப்புப் பூச்சு. அதைத் திரட்டி வெளியேற்ற வேண்டியது வடிகால். நான் பார்த்த வேலையோ இந்த இரண்டையும் தொடவில்லை. போதாக்குறைக்கு, அது இன்னொரு கசிவுக்கும் வழி செய்திருந்தது என்பது கடைசியில்தான் தெரிந்தது.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தல்

இரண்டாம் முறை உளியைத் தொடுவதற்கு முன், நீர் வரக்கூடிய வழிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையில் குறைந்தது இரண்டு நாட்கள் உலரவிட்டேன். எரிச்சலூட்டும் காத்திருப்புதான், ஆனால் ஈரம் ஈரத்தோடு கலந்துவிட்டால் எந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்று பிரித்தறிய முடியாது.

முதலில் அழுத்தத்தில் இருக்கும் குழாய்கள். வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, இரவு நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் பார்த்தபோது அது அசையவே இல்லை. அழுத்தக் குழாயில் ஓட்டை இருந்தால் யாரும் குளிக்காத நாளிலும் இருபத்துநான்கு மணி நேரமும் கசியும். எங்கள் பத்து நாள் விரதத்தில் கறை வெளிறியதும் இதற்குப் பொருந்தவில்லை. அடுத்தது கழிவுக்குழாய். ஒரு நெகிழ்குழாயை ட்ராப்பின் தொண்டைக்குள் ஆழமாக நுழைத்து, தரையோ ட்ராப்பின் விளிம்போ நனையாதபடி வாளி வாளியாக ஊற்றினோம். மறுநாள் மாலைவரை கீழே ஒரு மாற்றமும் இல்லை. கழிவுக்குழாயும் தேறிவிட்டது.

பிறகு தேக்கச் சோதனை. வடிகாலின் தொண்டையை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, ட்ராப்பின் அருகே 40 மி.மீ. ஆழம் வருமளவுக்குத் தரையில் நீரைத் தேக்கினேன். உலர்ந்த கலவை முதலில் நீரைக் குடிக்கும் என்பதால் ஓர் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அளவை மீண்டும் சரிசெய்து, சுவர்க்கல்லில் ஒட்டிய நாடாவில் மட்டத்தைக் குறித்தேன். ஆவியாகும் நீரைக் கணக்கில் கொள்ள, நேர்ச்சுவருள்ள ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து அதையும் குறித்துப் பக்கத்திலேயே வைத்தேன். 24 மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் 1 மி.மீ. குறைந்திருந்தது, தரையில் 6 மி.மீ. இந்தத் தரையில் 1 மி.மீ. என்பது ஏறத்தாழ 1.08 லிட்டர். ஆக ஒரு நாளில் ஐந்து லிட்டருக்கு மேல் தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. கறையும் அன்று மாலையே கருத்தது.

கசிவு தரையில்தான் என்பது உறுதியாயிற்று. தரையில் எங்கே? அடிப்பகுதி வெட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளியின் வளையத்தை, 30 செ.மீ. விட்டம் இருக்கும், ட்ராப்பைச் சுற்றி மக்குப் பசையால் ஒட்டி, வளையத்துக்குள் மட்டும் நீர் நிரப்பினேன். நான்கு மணி நேரத்தில் 11 மி.மீ. இறங்கியது. ஓட்டை ட்ராப்பைச் சுற்றித்தான் என்ற மகிழ்ச்சியோடு, உறுதி செய்துகொள்வதற்காகத் தலைகீழாகவும் செய்து பார்த்தேன்: வளையத்துக்கு உள்ளே உலர்ந்த தரை, வெளியே தேங்கிய நீர். வெளியே உள்ள நீர் குறையக் கூடாது. ஆனால் ஆவியானது போக 3 மி.மீ. குறைந்திருந்தது.

அப்படியானால் இரண்டு ஓட்டைகளா? தரை முழுவதையும் பெயர்த்துவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் டைல்ஸ் வேலை பார்த்த கொத்தனார் ஒருவரிடம் அளவுகளைக் காட்டினேன். தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, உளியின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். சுவரோரக் கற்கள் கணீரென்றன; ட்ராப்பை நெருங்க நெருங்க ஒலி பொக்கையாயிற்று. “ஓட்டை ரெண்டு இல்லீங்க, ஒண்ணுதான். தண்ணி கல்லுக்கு அடியிலயே நடந்து அங்க வந்து சேருது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லா அளவுகளும் ஒழுங்காகிவிட்டன. நீர் எந்த இடுக்கில் இறங்கினாலும், நீர்க்காப்புப் பூச்சின் மேல் வாட்டத்தோடு, அதாவது வடிகால் நோக்கிய சரிவோடு, ஊர்ந்து ட்ராப்பின் அடிக்கே வருகிறது. வளையத்துக்கு வெளியே ஊற்றிய நீருக்கு அந்தப் பயணம் கொஞ்சம் கூடுதல் தொலைவு, அதனால் வேகம் குறைவு. போய்ச் சேருமிடம் ஒன்றே. நான் கல்லின் மேல்பரப்பைத் தரை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீருக்குத் தரை 4 செ.மீ. கீழே இருந்தது.

உடைத்துப் பார்த்தபோது

ட்ராப்பைச் சுற்றியுள்ள நான்கு கற்களை, அதாவது 60 செ.மீ. சதுரத்தை மட்டும் திறப்பது என்று முடிவாயிற்று. வைரத் தட்டு பூட்டிய வெட்டும் இயந்திரத்தின் ஆழத்தைக் கல்லின் கனமான 8 மி.மீ.க்கு மேல் போகாதபடி கட்டி, இடுக்குகள் வழியாகவே அறுத்தோம். இந்தத் தூசியில் சிலிக்கா உண்டு. ஈரம் தெளித்துக்கொண்டும், வெறும் துணியைக் கட்டிக்கொள்ளாமல் நுண்தூசியை வடிகட்டும் முகமூடி அணிந்துகொண்டும் வேலை செய்ய வேண்டும். அறுத்த பிறகு அதிரடிச் சுத்தியல் இயந்திரத்தைத் தொடவில்லை. முதல் கல்லை நடுவில் உடைத்து எடுத்து, மற்றவற்றைப் பக்கவாட்டிலிருந்து நெம்பினோம். கலவையைக் கையுளியால் மட்டுமே கொத்தினோம். அடியில் இருக்கும் பழைய பூச்சு சிதையாமல் வெளியே வந்தால்தான் புதிய பூச்சை அதன்மேல் ஏற்றி இணைக்க முடியும்.

முதல் கல்லின் முதுகு கதையின் ஒரு பகுதியைச் சொன்னது. நான்கு மூலையிலும் நடுவிலும் சிமெண்ட் உருண்டைகளை அப்பி ஒட்டியிருந்தார்கள், மிச்சமெல்லாம் வெற்றிடம். அந்த வெற்றிடங்களில் சாம்பல் நிறத்தில் குழகுழப்பான நீர் தங்கியிருந்தது. வாடையின் மூலமும் அதுவே. ஈரமான இடத்தில் கல்லின் முதுகில் குறைந்தது 95 சதவீதமாவது ஒட்டும் கலவை படிந்திருக்க வேண்டும் என்பது தொழில்முறை விதி. இங்கே பாதிகூட இல்லை.

கலவையை எடுத்ததும் ட்ராப்பின் கழுத்து தெரிந்தது. சாம்பல் நிற நீர்க்காப்புப் பூச்சு தரை முழுக்க நன்றாகவே இருந்தது. ஆனால் பிவிசி கழுத்தைத் தொடுவதற்கு மூன்று செ.மீ. முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த மூன்று செ.மீ. வளையத்தில் வெறும் சிமெண்ட் சாந்து. சாந்துக்கும் கழுத்துக்கும் இடையில் ஒரு காகிதத்தை நுழைக்கலாம் போன்ற இடைவெளி. பிவிசியின் வழவழப்பான பரப்பில் சிமெண்ட் இயல்பாக ஒட்டுவதில்லை. வெந்நீர் பாயும்போது பிவிசி, கான்கிரீட்டைவிட ஐந்து மடங்குக்கும் மேலாக விரிகிறது; குளித்து முடித்ததும் சுருங்குகிறது. 11 ஆண்டுகள் தினமும் இப்படி அசைந்த இணைப்பு பிரியாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இன்னொரு பிழை இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ட்ராப்பின் வாய் கல்லின் மேல்மட்டத்தில் மட்டும் திறந்திருந்தது. பூச்சின் மட்டத்தில் ஊர்ந்து வரும் நீர் ட்ராப்புக்குள் நுழைய ஒரு துளைகூட இல்லை. வந்து சேர்ந்த நீர் கழுத்தைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கி, கீழே இறங்கும் இடைவெளியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இணைப்பு நன்றாக அடைபட்டிருந்தாலும் இந்தக் குட்டை இருந்திருக்கும்; கசிவு சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவே.

ஒரு விஷயத்தில், இந்த ஷவரை முதலில் கட்டிய கொத்தனார் எங்களைக் காப்பாற்றியிருந்தார்: வாட்டம் பூச்சுக்கு அடியிலேயே அமைக்கப்பட்டிருந்தது. தளம் மட்டமாக இருந்து, வாட்டத்தை மேல் கலவையில் மட்டும் கொடுத்திருந்தால், முழுத் தரையையும் எடுப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

மீண்டும் கட்டியது

திறந்த குழியை மின்விசிறி வைத்து ஒன்பது நாட்கள் உலரவிட்டோம். அந்த நாட்களில் சுற்றியுள்ள கற்களுக்கு அடியிலிருந்து ஈரம் குழியின் ஓரங்களில் ஊறிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாளுக்குப் பிறகுதான் நின்றது.

பிவிசி கழுத்தின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிவிசி பசையைத் தடவி, ஈரம் காயுமுன் உலர்ந்த மணலைத் தூவினோம். காய்ந்ததும் கழுத்து உப்புக்காகிதம் சுற்றியது போல் ஆகிவிட்டது. இப்போது சிமெண்டுக்குப் பிடிமானம் உண்டு. சுற்றியிருந்த பழைய சாந்தைத் தோண்டி எடுத்து, இறுகும்போது சுருங்காத கிரவுட் வகைச் சிமெண்ட் கலவையை ஊற்றினோம். அதன் மேல்விளிம்பில் கழுத்தைச் சுற்றி 10 மி.மீ. அகலமும் ஆழமும் கொண்ட பள்ளத்தை விட்டுவைத்து, இறுகிய பின் பாலியூரிதேன் சீலன்ட்டால் (இறுகிய பிறகும் நெகிழும் அடைப்புப் பசை) நிரப்பினோம். பிவிசியின் தினசரி அசைவைத் தாங்கிக்கொள்ள வேண்டியது இந்த மெத்தென்ற வளையம்தான்.

அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு. பழையது சிமெண்டும் பாலிமரும் கலந்த வகை. புதியதையும் அதே வகையில் தேர்ந்தெடுத்தோம். குழியின் ஓரம் நெடுகப் பழைய பூச்சைப் 10 முதல் 15 செ.மீ. அகலத்துக்குச் சுத்தம் செய்து தேய்த்து, புதிய பூச்சை அதன்மேல் ஏற்றினோம். ஒட்டும் தரையை முதலில் ஈரப்படுத்த வேண்டும். ஆனால் நீர் தேங்கி மினுங்கக் கூடாது. கழுத்தைச் சுற்றிக் கண்ணாடியிழை வலையைப் பதித்து, முதல் பூச்சை ஒரு திசையிலும், தொட்டால் ஒட்டாத நிலைக்கு அது வந்த பின் இரண்டாவதைக் குறுக்குத் திசையிலும் இழுத்தோம். கொத்தனார் மூன்றாவது பூச்சும் போடச் சொன்னார். கனம் கூடினால் நல்லது என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு; ஆனால் இந்த வகைப் பூச்சை உற்பத்தியாளர் சொல்வதைவிடத் தடிமனாக ஏற்றினால் காயும்போது வெடிக்கும். வேண்டாம் என்றேன்.

ஐந்து நாட்கள் கழித்து, கல் பதிப்பதற்கு முன்பே, மீண்டும் தேக்கச் சோதனை. இம்முறை 48 மணி நேரம். தரையில் குறைந்ததும் கிண்ணத்தில் குறைந்ததும் ஒரே அளவு. கல் பதித்த பிறகு இந்தச் சோதனையை வைத்துக்கொண்டால், தோற்றால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும். ஆனாலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

ட்ராப்பின் மேல் வளையத்துக்குப் பதிலாக, பூச்சு மட்டத்தில் பக்கத் துளைகள் உள்ள வளையத்தைப் பொருத்தினோம். துளைகளைக் கலவை அடைத்துவிடாதபடி சுற்றிலும் பட்டாணி அளவுச் சல்லியைப் பரப்பினோம். பிறகு ஏறத்தாழ 60-க்கு 1 என்ற வாட்டத்தில் கலவை. அதன்மேல் பல் கரண்டியால் இழுத்த ஒட்டும் கலவையில் கற்கள். முதல் கல்லைப் பதித்த உடனே பெயர்த்துத் திருப்பிப் பார்த்தோம்; ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கலவை படியவில்லை. அதன்பின் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் மெல்லியதாகத் தடவிவிட்டே பதித்தோம். புதிய இடுக்குகளுக்கு, சிமெண்டுக்குப் பதிலாகப் பிசினால் ஆன எபாக்சி கிரவுட். அது நீரை உறிஞ்சாது என்பது உண்மை. அதற்காக, நீர்க்காப்புப் பூச்சின் வேலையை அது செய்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கலந்த பின் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் என்பதால் சிறிது சிறிதாகக் கலந்து, கல்லின் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்க வேண்டும். நாங்கள் விட்டுவைத்த ஒரு தடம் இன்றும் போகவில்லை.

தேர்ச்சிக்குப் பின் வந்த ஈரம்

பயன்படுத்தத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், தடுப்புத் திட்டின் வெளிப்பக்கச் சாந்தில் கையகல ஈரம் தெரிந்தது. உட்கூரை உலர்ந்தேதான் இருந்தது. தேக்கச் சோதனையில் தேறிய தரை எப்படிக் கசியும் என்று ஒரு நாள் குழம்பினேன். விடை எளிது: தேக்கச் சோதனை, நீர் தொட்ட இடத்தை மட்டுமே சோதிக்கிறது. நான் தேக்கிய நீர் 4 செ.மீ.; திட்டின் உச்சி 8 செ.மீ.

கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினோம். சட்டத்தைப் பிடிக்க ஆறு திருகுகளைத் திட்டின் உச்சியில், பூச்சைத் துளைத்து இறக்கியிருந்தார்கள். துளைகள் 11 ஆண்டுகளாக இருந்தவைதாம். அதுவரை சட்டத்துக்குள் புகுந்த நீர் உள்விளிம்பு வழியாக ஷவருக்குள் திரும்பி வழிந்துவிட்டது. அந்த உள்விளிம்பைத்தான் முதல் பழுதுபார்ப்பில் நான் சிலிகானால் கச்சிதமாக அடைத்திருந்தேன். திரும்பும் வழி போனதும், நீர் திருகுத் துளைகளுக்குள் இறங்கியது. ட்ராப்பின் கழுத்தில் நடந்ததேதான் இங்கும் நடந்தது, இம்முறை என் கையால்.

துளைகளைத் தோண்டிச் சீலன்ட்டால் நிரப்பி, திட்டின் உச்சிக்கும் பூச்சு இழுத்து, உச்சியில் விழும் நீரும் உள்ளே திரும்பும்படி அதற்கு உட்பக்கமாகச் சிறு வாட்டம் கொடுத்துக் கல் பதித்தோம். சட்டத்தைத் திட்டின்மேல் திருகு இல்லாமல் நடுநிலைச் சிலிகானால் (இறுகும்போது அமிலம் வெளியிடாத வகை) ஒட்டினோம். திருகுகள் சுவர்ப் பக்கத்தில் மட்டும், சீலன்ட்டில் தோய்த்து. பழைய சிலிகானின்மேல் புதிய சிலிகான் ஒட்டாது என்பதால், பழையதைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, ஒரு துணுக்கும் மிஞ்சாமல் எடுப்பதற்கே அரை நாள் போயிற்று. இம்முறை சட்டத்தின் வெளிவிளிம்பில் மட்டும் சிலிகான் இழுத்து, உள்விளிம்பைத் திறந்தே விட்டோம்.

உட்கூரைக்கு வண்ணம் அடிக்கப் பத்து வாரங்கள் காத்திருந்தோம். கான்கிரீட் மெதுவாகத்தான் உலரும். ஈரமானியில் கறைப் பகுதியின் அளவும் அறையின் மறுமூலையின் அளவும் ஒன்றாகும்வரை தொடவில்லை. விளக்கின் பெட்டியைத் திறந்து, துருப்பிடித்திருந்த இணைப்புகளை மாற்றிய பிறகே மின்சுற்றை மீண்டும் போட்டோம். அதற்குள் உட்கூரையில் ஒன்றையொன்று சுற்றி நான்கு பென்சில் கோடுகள் சேர்ந்திருந்தன. கடைசிக் கோட்டின் தேதி, ட்ராப்பைத் திறந்த நாளுக்கு முந்தைய நாள்.